பீரோவுக்குள் ஓடிய மில்

இப்போதெல்லாம் பங்குகள் சத்தம் போடுவதில்லை. செல்போனுக்குள் போய் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்துகொண்டு, பச்சையிலும் சிவப்பிலும் ஏதோ எண்ணை மட்டும் காட்டிக்கொண்டிருக்கின்றன. ரங்கநாயகிக்கு அது பிடிப்பதில்லை. பங்கு என்றால் தடித்த தாளில், கம்பெனி முத்திரையோடு, பதிவுத் தபாலில் வந்து, பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் படுத்துக்கொண்டு, தான் எந்தக் கம்பெனியைச் சேர்ந்ததோ அந்தக் கம்பெனியின் சத்தத்தையும் வாசத்தையும் வீடு முழுக்கப் பரப்பிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். கோயமுத்தூரில் பெத்துசாமி லே-அவுட்டில் தொண்ணூற்று நாலாம் வருஷம் ஐப்பசியில் தொடங்கி மறு வருஷம் ஆனி வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

முதல் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழே முக்காலுக்குக் காஞ்சிமாநதி மில்லின் சங்கு வழக்கம்போல ஊதி ஓய்ந்தது, ஓய்ந்த கையோடு ரங்கநாயகியின் பீரோவுக்குள்ளிருந்து இன்னொரு சங்கு, அதே சங்குதான், கம்பளிக்குள் பொத்திவைத்ததுபோல ஊதியது. ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டுப் போய்ப் பீரோவைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த முந்நூறு பங்குகளும் ஒரு ஸ்பின்னிங் மில் முழு ஓட்டத்தில் ஓடினால் எப்படி இரையுமோ அப்படி இரைந்துகொண்டிருந்தன, பஞ்சும் எண்ணெயும் கலந்த சூடான வாசம் முகத்தில் அடித்தது. மகள் கோகிலாவைக் கூப்பிட்டு, "பீரோவைச் சாத்து கண்ணு, சேலையெல்லாம் பஞ்சு ஒட்டிக்கும்" என்று சொல்லிவிட்டு, ரசத்தை இறக்கப் போனாள்.

அந்தப் பங்குகளை வாங்கியவர் அவள் புருஷன் சென்னியப்பன். காஞ்சிமாநதி மில்லில் ஃபிட்டர். தீபாவளிக்குத் தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் பத்து, இருபது என்று தான் வேலை பார்த்த மில்லின் பங்கையே வாங்கி வைப்பார். ரங்கநாயகி தபால் ஆபீசின் சிறுசேமிப்பு ஏஜென்ட். மாதா மாதம் ஐந்தாம் தேதிக்குள் வீடு வீடாகப் போய், ஐம்பதும் நூறுமாக வசூலித்து, அட்டையில் எழுதி, தபால் ஆபீசில் கட்டுகிறவள். அவளுக்கு இந்தப் பங்கு சமாச்சாரம் ஆகவே ஆகாது. "ஊரெல்லாம் எங்கிட்டப் பணங்கட்டுது, நீங்க மட்டும் அந்தத் தாள்ல கொண்டுபோய்ப் போடறீங்க" என்று சண்டை பிடிப்பாள். சென்னியப்பன் சிரிப்பார். "நாள் பூரா நட்டு முடுக்கறேன் ரங்கா. அதுல ஒரு நட்டாச்சும் என்னுதா இருக்கட்டுமே" என்பார். அவர் மாரடைப்பில் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

அவள் வீட்டில் மட்டும் நடந்ததென்றால் பேயோட்டக் கூப்பிட்டிருப்பார்கள். அந்த வருஷம் லே-அவுட்டில் பங்கு வாங்காத வீடே இல்லை என்பதால், யாரும் யாரையும் கேலி செய்ய முடியாமல் போயிற்று. டீச்சர் ஜெயசீலி வீட்டில் சர்க்கரை ஆலைப் பங்கு இருந்தது, அவர் பீரோவுக்கு வந்த எறும்புச் சாரை வாசலில் தொடங்கி கார்ப்பரேஷன் குழாய் வரைக்கும் நீண்டது. பீரோவின் நாலு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினார்கள். சிமெண்டுப் பங்கு வைத்திருந்தவர்களின் வேட்டிகள் துவைக்கத் துவைக்கச் சாம்பல் நிறமாயின. பேங்க் கேஷியர் வீட்டில் கப்பல் கம்பெனிப் பங்கு விடிகாலையில் ஊதி, பிறந்து இருபது நாளான பேரக்குழந்தையைத் தூக்கிவாரிப்போட வைத்தது. தையல்காரர் ரசாக் பாய் மட்டும் பதினோரு கம்பெனிகளில் பத்துப் பத்துப் பங்காக வாங்கி ஒரே டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். அவர் பெட்டி சந்தைபோல ஒரே இரைச்சலாக இருந்தாலும், எது எந்தச் சத்தம் என்று பிரித்தறிய முடியாததால் நாலே நாளில் பழகிப்போய், அவர் வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள்.

குடியிருப்போர் சங்கம் கூடித் தீர்மானம் போட்டது: சத்தம் போடும் பங்குகளை இரவு ஒன்பதிலிருந்து காலை ஐந்து வரை போர்வையில் சுற்றி வைக்க வேண்டும், வாசம் வரும் பங்குகளை நிச்சயதார்த்தம் முதலான விசேஷங்களின்போது மொட்டைமாடிக்கு எடுத்துப்போக வேண்டும். ஏன் சத்தம் வருகிறது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுச் சத்தத்தைப் பற்றி மட்டுமே இரண்டு மணி நேரம் பேசினார்கள்.

இதற்கிடையில் சத்தமே போடாத பங்குகளும் இருந்தன. தேக்கு மரம் வளர்த்துத் தரும் கம்பெனி, இறால் பண்ணை, ரோஜாப்பூவை விமானத்தில் ஏற்றி அனுப்பப்போகும் கம்பெனி என்று அந்த வருஷம் புதிது புதிதாகப் பங்கு வெளியீடு வந்தபடி இருந்தது. அந்தத் தாள்கள் வழுவழுவென்று, கலர் கலராக, பீரோவில் வைத்தால் வைத்த இடம் தெரியாமல் கிடந்தன. இறால் பங்கில் லேசாக வாசம் வருகிறது என்று ஒருவர் சொல்லப்போய் ஐந்தாறு பேர் முகர்ந்து பார்த்தார்கள், கடைசியில் அது பின்வீட்டுக் குழம்பு என்று தெரிந்தது. இதையெல்லாம் வைத்து லே-அவுட் ஒரு முடிவுக்கு வந்தது: இவைதான் நல்ல ஜாதிப் பங்குகள். எறும்பு வராது, வேட்டி அழுக்காகாது, குழந்தை எழாது. ஜெயசீலி டீச்சர் சர்க்கரையை விற்றுத் தேக்கு வாங்கினார். கேஷியர் கப்பலை விற்று ரோஜாப்பூ வாங்கினார். சத்தமில்லாத பங்குக்கு அவ்வளவு கிராக்கி ஏற்பட்டு, அதன் விலை நாளுக்கு நாள் ஏறியது. ஏற ஏற, பார்த்தீர்களா, நிம்மதிக்கு நிம்மதி, லாபத்துக்கு லாபம் என்று ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டார்கள். பதினைந்து வருஷமாக அவர்கள் வீட்டுப் படியேறி ஐம்பதும் நூறுமாக வாங்கிப்போனவளைப் பார்த்து, "இன்னுமா ரங்கநாயகி இந்த அட்டையைத் தூக்கிட்டு அலையறே?" என்றும் கேட்டார்கள்.

ரங்கநாயகி அவள் பங்குகளை விற்கவில்லை. அதற்குக் காரணம் முதலீட்டு ஞானம் ஒன்றும் இல்லை. முதல் நாளைக்கு மறுநாள், மில் இரைச்சலுக்கு நடுவே, இரும்பில் ஸ்பேனரால் தட்டுகிற சத்தம் அவள் காதில் விழுந்தது. டக், டக். இரண்டே தட்டு. அதற்குப் பிறகு ஒரு நூற்பு ஃபிரேம் ஓட ஆரம்பிக்கும். எந்த மெஷினைப் பழுதுபார்த்தாலும் ஓட்டுவதற்கு முன்னால் சென்னியப்பன் இரண்டு தட்டுத் தட்டுவார். வீட்டில் தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்தால்கூட அப்படித்தான். இப்போது மில்லில் அப்படித் தட்டுகிறவர் யாராவது உண்டா என்று அங்கே ஷிப்டுக்குப் போகும் எதிர்வீட்டுக்காரரைக் கேட்டாள். "அதெல்லாம் சென்னியப்பண்ணனோட போச்சுங்க்கா" என்றார் அவர். ரங்கநாயகி வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, ரொம்ப நாளைக்கப்புறம் வாய்விட்டு அழுதாள். அன்றிலிருந்து காலை எட்டு மணிக்குப் பீரோவுக்கு முன்னால் ஒரு டம்ளர் காபியோடு உட்காருவது அவள் வழக்கமாயிற்று.

மில்லுக்குள் அவள் கால் வைத்ததே இல்லை. ஆனாலும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சென்னியப்பன் வாயால் ஓட்டிக் காட்டாத மெஷின் கிடையாது. பஞ்சுப் பொதியை உடைத்து உதறுகிற புளோ ரூம் தகரக் கூரையில் மழை விழுவதுபோல இரையும். அடுத்தது பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கிற கார்டிங், கனத்த குரலில் முனகும். நூல் நூற்கிற ஃபிரேம்கள் கூர்மையாகக் கீச்சிடும். இருபத்திரண்டு வருஷம் கேட்டுக் கேட்டு அவளுக்கு எல்லாம் மனப்பாடம்.

தை மாதம் ஒரு நாள் காலையில் மழைச் சத்தம் இல்லை. ஏதோ ரிப்பேர் என்று நினைத்தாள். மாசியிலும் இல்லை. பங்குனியில் முனகலும் நின்றுபோனது. ஃபிரேம்கள் மட்டும் கீச்சிட்டுக்கொண்டிருந்தன, அவையும் முன்னைப்போல நூற்றுக்கணக்கில் இல்லை. ரங்கநாயகிக்குக் கணக்கு எட்டாத மண்டை கிடையாது. பஞ்சுப் பொதியே உடைக்காத மில்லில் நூல் எத்தனை நாளைக்கு வரும்?

மில்லின் பங்கு விலையோ ஏறிக்கொண்டிருந்தது. நாற்பதாக இருந்தது ஐம்பத்தெட்டாகி, எழுபத்தொன்றாகி, வைகாசியில் தொண்ணூற்றிரண்டைத் தொட்டது. காபித்தூள் கடை மாடியில் கரும்பலகை மாட்டி, பம்பாயிலிருந்து டெலிபோனில் கேட்டுக் கேட்டு விலை எழுதுகிற புரோக்கர் சேஷகிரியிடம் போய்ச் சொன்னாள்.

"புளோ ரூம் நின்னு அஞ்சு மாசமாச்சு தம்பி. கார்டிங்கும் நின்னுபோச்சு. அப்பறம் எப்படி வெல ஏறுது?"

"அக்கா, போர்டுல வர்றதுதான் நெலவரம். உங்க பீரோ சொல்றதையெல்லாம் நான் சாக்பீஸ்ல எழுத முடியுங்களா?" என்றான் சேஷகிரி. "நூத்தைம்பது போகுங்க. வெச்சிருங்க."

நூற்றைம்பது போகாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் விற்கவில்லை. விற்றால் அந்த இரண்டு தட்டும் சேர்ந்து போய்விடும். பம்பாயில் எவனோ ஒருத்தன், சென்னியப்பன் யார் என்றே தெரியாதவன், தன் பீரோவுக்குள் அதைக் கேட்டு, இதென்ன தொந்தரவு என்று போர்வையைப் போட்டு மூடுவான். அவளால் அதை நினைக்கவே முடியவில்லை.

ஆனி பிறந்ததும் கோகிலாவுக்குத் தனியார் கல்லூரியில் பி.ஃபார்ம் இடம் கிடைத்தது. பத்து நாளைக்குள் இருபத்தையாயிரம் கட்ட வேண்டும். தபால் ஆபீசில் ரங்கநாயகி தன் பேரில் போட்டிருந்ததெல்லாம் புருஷனின் ஆஸ்பத்திரிச் செலவோடு கரைந்திருந்தது. மிச்சம் இருந்தது முந்நூறு பங்கு, அன்றைய விலைக்கு இருபத்தேழாயிரத்துச் சொச்சம். சேஷகிரி மூலம் விற்றால் தாள் பம்பாய் போய், கையெழுத்து ஒத்துப்போய், காசு வந்துசேர ஒன்றரை மாதம் ஆகும் என்றான்.

அந்த நேரம் பார்த்துத்தான் மருதாசலம் வந்தார். சென்னியப்பனின் கூட்டாளி, காஞ்சிமாநதி மில்லில் பதினேழாம் நம்பர் ஃபிரேமில் அறுந்த நூலை முடிந்துபோடுகிற வேலையில் முப்பத்தோரு வருஷம் இருந்து, மார்கழியில் ஓய்வுபெற்றிருந்தார். மில் இரைச்சல் அவர் காது இரண்டையும் எப்போதோ தின்று தீர்த்துவிட்டது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார், மில்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கைஜாடையில் சரளமாகப் பேசுவார், வாயைத் திறந்தாரென்றால் நாலு வீட்டுக்குக் கேட்கும். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. லே-அவுட் முழுக்க ஒவ்வொருவரும் தன் வீட்டுச் சத்தத்தைப் பற்றிப் பேசுவதை எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான். உள்ளே வந்தவர் செருப்பை விட்டுவிட்டு நேராகப் பீரோவிடம் போனார், இரும்புக் கதவின்மேல் உள்ளங்கையைப் பதித்தார், கண்ணை மூடிக்கொண்டார். மெஷினின் அதிர்வு அவர் கை வழியாக ஏறுவது அவர் முகத்தில் தெரிந்தது.

"மில்லு ஓடுது அம்மிணி!" என்று கத்தினார். "கிராஜுட்டி வந்திருக்குது. மில்லுப் பங்கு வேணும். முந்நூறையும் இன்னைக்கு வெலைக்கே எடுத்துக்கறேன், ரொக்கமா."

ரங்கநாயகி "வெள்ளிக்கிழமை வாங்கண்ணா" என்று உதட்டசைத்தாள். வெள்ளிக்கு மூன்று நாள் இருந்தது.

அந்த மூன்று நாளும் அவளுக்கு வசூல் அட்டையில் பேர் மாறிப்போயிற்று, ரூபாயை இரண்டு தடவை எண்ணினால் இரண்டு விதமாக வந்தது. முப்பத்தோரு வருஷ உழைப்பைக் கொண்டுவந்து இதில் போடப்போகிறார், காது இருந்தால் போடுவாரா? கோகிலாவிடம் சொன்னாள். பதினெட்டு வயதுப் பெண், கல்லூரிக் கடிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவரா வந்து கேக்கறாரு. நாம என்ன பொய்யா சொல்றோம்?" என்றாள். சொன்ன பிறகு அம்மா முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஏழே முக்காலுக்குச் சங்கு ஈனக்குரலில் ஊதியது. பீரோவுக்குள் ஒரே ஒரு ஃபிரேம்தான் மிச்சம். மருதாசலம் மஞ்சள் பையோடு வந்து, முன்போலவே உள்ளங்கையை வைத்தார். டக், டக். ரங்கநாயகி அவருக்கு முன்னால் போய் நின்றாள். உதட்டசைத்தால் சரியாக வருமோ என்னவோ என்று, சென்னியப்பன் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்திருந்த மில் ஜாடையில் சொன்னாள். பஞ்சை உதறுவதுபோல விரலை விரித்து, கையைத் தட்டையாகக் கீழே இறக்கினாள்: புளோ ரூம் நின்றுவிட்டது. கார்டிங் ஜாடை காட்டி மறுபடி கையை இறக்கினாள். ஃபிரேம்களைக் காட்டி, ஒரே ஒரு விரலை நிமிர்த்தினாள். பையைச் சுட்டிக்காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

மருதாசலம் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் அம்மிணி" என்றார். அன்றைக்குத்தான் அவர் மெதுவாகப் பேசிக் கேட்டாள். "காதுதான் போச்சு, கை போகல. முப்பத்தோரு வருஷம் தொட்ட மில்லு. செவ்வாய்க்கெழம கை வெச்சதுமே தெரிஞ்சுபோச்சு, சாகப்போகுதுன்னு."

"அப்பறம் எதுக்குங்கண்ணா?"

"இந்த ரெண்டு தட்டுக்கு."

பீரோவிலிருந்து கையை எடுத்து, இரண்டு கைகளையும் அவளுக்கு முன்னால் விரித்துக் காட்டினார். "ஓடப்போற ஃபிரேமுக்குள்ள கை இருந்தா வெரல் போயிரும். எல்லாரையும் வாயில கூப்பிட்டுச் சொல்லுவாங்க, கைய எடுன்னு. எனக்குக் கேக்காது. அதுக்குத்தான் சென்னியப்பன் இரும்புல ரெண்டு தட்டுத் தட்டுவான். அது என் கையில வந்து ஏறும். எனக்குன்னு ஆரம்பிச்சான், அப்பறம் அவனுக்குப் பழகிப்போச்சு. பத்து வெரலும் இருக்குது பாரு."

இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு இது தெரியாது. ஏதோ ராசி, மெஷினைக் கும்பிடுகிற வழக்கம் என்று நினைத்திருந்தாள். எட்டு மாதமாகக் காபி டம்ளரோடு உட்கார்ந்து, தனக்காகத்தான் தட்டுகிறார் என்று நம்பியிருந்தாள். கொஞ்சம் வலித்தது, பொய் சொல்வானேன். அந்த வலிக்கு அடியிலேயே, இப்படி ஒரு மனுஷனுக்குத்தானே வாக்கப்பட்டோம் என்று பெருமையாகவும் இருந்தது.

"பேப்பர் குப்பைக்குப் போனாப் போகட்டும். பாப்பா படிக்கட்டும்" என்று பையை நீட்டினார் மருதாசலம்.

"இது விக்கறதுக்கு இல்லீங்கண்ணா" என்றாள் ரங்கநாயகி, அவர் உதட்டைப் படிக்கும்படி நிறுத்தி நிறுத்தி. "இருக்கற வரைக்கும் தெனமும் வாங்க. வந்து கை வைங்க."

அன்று மத்தியானமே வளையலும் சங்கிலியுமாக ஏழு பவுனை ராஜ வீதியில் விற்று, கல்லூரியில் பணத்தைக் கட்டிவிட்டு வந்தாள். மூளியாகக் கிடந்த கையைக் கோகிலா பார்த்தாள். அன்று ராத்திரிப் பாத்திரம் எல்லாவற்றையும் அவளே தேய்த்துக் கவிழ்த்தாள்.

அதற்குப் பிறகு பதினோரு காலைகள். எட்டு மணிக்கு மருதாசலம் வருவார், ரங்கநாயகி இரண்டு டம்ளர் காபி கொண்டுவருவாள், ஒருவர் காதாலும் ஒருவர் கையாலும் கேட்பார்கள், பிறகு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போவார். பன்னிரண்டாம் நாள் சங்கு ஊதவில்லை. மில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருப்பதாக எதிர்வீட்டுக்காரர் வந்து சொன்னார். மருதாசலம் வெகுநேரம் பீரோவில் கையை வைத்தபடி நின்றிருந்தார், அது வெறும் இரும்பாக, காலை நேரத்துக் குளிர்ச்சியோடு இருந்தது.

அதே வாரத்தில் லே-அவுட் முழுக்கச் சத்தம் அடங்கியது. சர்க்கரையை விற்காதவர்கள் வீட்டு எறும்புகள் வந்த வழியே போயின, வேட்டிகள் வெளுத்தன. கரும்பலகையில் காஞ்சிமாநதி மில்லின் பேருக்கு நேராகச் சேஷகிரி ஒரு கோடு போட்டான், அடுத்த சில மாதங்களில் தேக்குக்கும் இறாலுக்கும் ரோஜாப்பூவுக்கும் அதே கோட்டைப் போட வேண்டிவந்தது. அந்தக் கம்பெனிகளின் விலாசத்தைத் தேடி மெட்ராஸ் வரைக்கும் போன கேஷியர் அங்கே ஒரு சலூனைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். ரசாக் பாயின் பெட்டியிலும் மூன்று கம்பெனிகள் படுத்துவிட்டன, மிச்சம் எட்டு நடந்துகொண்டிருந்ததால் அவர் தலையில் கைவைத்து உட்காராமல் தைத்துக்கொண்டிருந்தார். நஷ்டப்பட்டவர்கள்கூட, வருஷங்கள் கழித்து அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது பணத்தைச் சொல்லமாட்டார்கள். கப்பல் ஊதினதையும், பீரோவைத் திறந்தால் தேயிலைக் கம்பெனிப் பங்கு மணந்ததையும்தான் சொல்வார்கள்.

மில் மூடி ஒரு மாதம் ஆனபோது மருதாசலம் அதே மஞ்சள் பையோடு தபால் ஆபீசுக்கு வந்தார். ரங்கநாயகி வசூல் பணம் கட்ட வரிசையில் நின்றிருந்தாள்.

"மாசா மாசம் வட்டி வர்ற மாதிரி எதாச்சும் இருக்குதா அம்மிணி?"

"இருக்குதுங்கண்ணா. கமிஷன் எனக்கு வரும், பரவால்லீங்களா?" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். மேஜையில் உட்கார்ந்து அவருக்காகப் படிவத்தை நிரப்பத் தொடங்கினாள். பேர், தகப்பன் பேர், விலாசம். அவருக்குப் பிறகு பணம் யாருக்குச் சேர வேண்டும் என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"கோகிலான்னு போடு" என்றார் மருதாசலம்.

அவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார், உதட்டைப் பார்க்காவிட்டால் அவருக்கு ஒன்றும் சொல்ல முடியாது. எழுதினாள். அடுத்த கட்டத்தில் உறவு முறை கேட்டிருந்தது. பதினைந்து வருஷத்தில் ஆயிரக்கணக்கான படிவம் நிரப்பிய கை அந்தக் கட்டத்துக்கு மேலே நின்றுவிட்டது. பின்னாலிருந்து யாரோ, "சீக்கிரம் ஆகட்டுங்க்கா, கவுண்டர் மூடிருவாங்க" என்றார்கள்.

ரங்கநாயகி "மகள்" என்று எழுதிப் படிவத்தை அவர் பக்கம் திருப்பினாள். மருதாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த ஒரு சொல்லை விரல் வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தார். படித்துவிட்டு, தபால் ஆபீஸ் மொத்தமும் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில், "சரியாத்தான் எழுதியிருக்கறே" என்றார்.